கண்ணைத் திறந்து திறந்து நட!

நாளை மாலை பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடாமல் ஒரு பத்து நிமிடம் மைதானத்தில் நில்லுங்கள். சுமார் 60 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு மரத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, அதை நோக்கி நடங்கள். எதிலும் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஒரு நண்பர் மட்டும் பேசாமல் கூடவே வரட்டும். நூறு காலடி வைத்ததும் கட்டை அவிழ்த்துப் பாருங்கள்.

மரம் ஒரு பக்கம் இருக்கும். நீங்கள் வேறொரு பக்கம் நின்றுகொண்டிருப்பீர்கள்!

வெட்கப்பட வேண்டாம். ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யான் சௌமன் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை முறையாக ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் மனிதன் நேராக நடப்பதே இல்லையாம். வட்டமடிக்கிறான், அதுவும் சில சமயம் 20 மீட்டர் விட்டமுள்ள சிறிய வட்டம். ஆனால் தான் நேராகத்தான் போகிறோம் என்று கடைசிவரை உறுதியாக நம்புகிறானாம்!

இப்போது சோதனையைச் சற்று மாற்றுங்கள். பத்துக் காலடிக்கு ஒரு முறை கண்ணைத் திறந்து மரத்தைப் பார்த்து, திசையைத் திருத்திக்கொண்டு, மறுபடி மூடிக்கொள்ளுங்கள். உங்கள் காலடி 60 சென்டிமீட்டர் என்றும், ஒவ்வொரு முறையும் நீங்கள் 5 டிகிரி கோணம் தவறுகிறீர்கள் என்றும் கொள்வோம். கண்ணைத் திறக்காமல் நூறு காலடியும் நடந்தால் 60 மீட்டரில் சைன் 5 டிகிரி மடங்கு, அதாவது சுமார் 5.2 மீட்டர் விலகிப் போயிருப்பீர்கள். பத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தால், கடைசியாகக் குறிவைத்த கோட்டிலிருந்து விலகல் எந்தச் சமயத்திலும் சுமார் 52 சென்டிமீட்டரைத் தாண்டாது. கால் அதேதான், தவறும் அதே 5 டிகிரிதான். எத்தனை காலடிக்கு ஒரு முறை பார்த்தீர்கள் என்பது மட்டுமே மாறியது.

இந்தச் சிறு கணக்கின் மேல் ஒரு பெரிய வேலைமுறையே எழுந்து நிற்கிறது. அது நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தினமும் நடக்கிறது.

நின்றுகொண்டே ஒரு கூட்டம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் தாம்பரம் சானடோரியம் நிலையம் வருகிறதல்லவா? அதை ஒட்டி 1984-இல் ஏற்றுமதிக்கென்று தொடங்கப்பட்ட தொழில் வளாகம் இருக்கிறது. 'மெப்ஸ்' என்று சொன்னால் ஆட்டோக்காரர் உடனே கொண்டுபோய் விடுவார். அங்கேயும், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்திருக்கின்றன. உங்களில் பலருடைய அண்ணனோ அக்காவோ சித்தப்பாவோ அங்கே வேலை பார்க்கக்கூடும். "காலையில் ஆபீஸ் போனதும் முதல் வேலை என்ன?" என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஸ்கிரம் மீட்டிங்" என்ற பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு.

ஏழெட்டுப் பேர் பெரும்பாலும் நின்றபடியே பேசுவார்கள். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்ற அச்சம்! எதிரே ஒரு பலகை. பலகையில் 'செய்ய வேண்டியது', 'செய்துகொண்டிருப்பது', 'முடிந்தது' என்று மூன்று பத்திகள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. வேலை நகர நகர, சீட்டும் ஒரு பத்தியிலிருந்து அடுத்ததற்கு நகரும். இப்போது அந்தப் பலகை பெரும்பாலும் கணிப்பொறித் திரைக்குள் போய்விட்டது. கூடுவாஞ்சேரிக்கு அருகே பெரிய வளாகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனம் 'ஸ்பிரிண்ட்ஸ்' என்ற பெயரில் இதற்கென்றே ஒரு மென்பொருளை உலகெங்கும் விற்கிறது. பதினைந்தே நிமிடத்தில் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துவிடுவார்கள். மறுநாள் அதே நேரம், அதே இடம்.

ஸ்கிரம் என்பது ரக்பி ஆட்டத்துச் சொல். பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னிக் குனிந்து ஒருவரையொருவர் தள்ளுவார்கள். நடுவே பந்து உருட்டி விடப்படும். நமக்கு ரக்பி அவ்வளவு பழக்கமில்லை. சடுகுடு ஆட்டத்தில், பாடிக்கொண்டு வருபவனை மடக்கக் கைகோத்துச் சங்கிலியாக நிற்கிறார்களே, அதை நினைத்துக்கொண்டால் போதும். ஒருவன் நகர்ந்தால் சங்கிலி முழுதும் நகரும்.

ஆட்டத்துச் சொல்லைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர்கள் டகேயுச்சி, நொனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள். 1986-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிக இதழில் அவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். புதிய கார், புதிய காமிரா, புதிய நகல் இயந்திரம் ஆகியவற்றை விரைவாகச் செய்து முடித்த குழுக்கள் எப்படி வேலை செய்தன என்பதே ஆராய்ச்சி. வழக்கமான முறை தொடர் ஓட்டம் போன்றது என்றார்கள். திட்டமிடுபவர் தன் பங்கை முடித்துவிட்டு வரைபடக்காரர் கையில் கோலைக் கொடுப்பார். அவர் தொழிற்சாலைக்குக் கொடுப்பார். கோலைக் கொடுத்தவர் அதன்பின் திரும்பிப் பார்ப்பதில்லை. விரைவான குழுக்களோ ரக்பி ஆடினார்கள்: எல்லோரும் சேர்ந்து, பந்தை முன்னும் பின்னும் தட்டிக்கொண்டே மைதானம் முழுதும் ஓடினார்கள். ஒரு வேலை முடியுமுன்பே அடுத்தது தொடங்கிவிடும், நம் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓர் ஓட்டின் மேல் அடுத்த ஓடு பாதி படிந்திருப்பது போல. ஃபியூஜி ஜெராக்ஸ் நிறுவனம் முன்பு 38 மாதம் பிடித்த வேலையை இந்த முறையில் 29 மாதத்தில் முடித்ததாம். ஹோண்டா நிறுவனத்தின் குழுவினரது சராசரி வயது 27 தான்!

இதை மென்பொருளுக்குப் பொருத்தியவர் ஜெஃப் சதர்லாண்டு என்ற அமெரிக்கர். 1993-இல் ஈசல் என்ற நிறுவனத்தில் முதன்முதலாகச் செய்து பார்த்தார். 1995-இல் அவரும் கென் ஷ்வேபர் என்பவரும் ஒரு மாநாட்டில் இதை விளக்கினார்கள். 2001 பிப்ரவரியில் இவர்கள் இருவரும் உட்பட 17 பேர் யூட்டா மாநிலத்தின் பனிமலை விடுதி ஒன்றில் கூடி 'அஜைல்' என்ற பொதுக் கொள்கையை எழுதினார்கள். அஜைல் என்றால் சுறுசுறுப்பாகத் திரும்பக்கூடியது என்று பொருள் கொள்ளலாம்.

சதர்லாண்டு ஒரு காலத்தில் போர் விமானி. நம் கிழக்குத் தாம்பரம் விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தரையிறங்கும் விமானி, மேலே இருக்கும்போதே கோணத்தைக் கணக்கிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. காற்று தள்ளத் தள்ள நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இறங்குகிறார். மைதானத்தில் நீங்கள் செய்ததும் அதுவேதான்.

ஒலிக்காத மணி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு என்னைப் பார்வையாளராக அழைத்திருந்தார்கள். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஐந்து பேர் 'ஏரி நிரம்பினால் எச்சரிக்கும் கருவி' செய்திருந்தார்கள். தெர்மோகோலில் ஏரி, கரை, மதகு, கரையோரம் குட்டிக் குட்டி வீடுகள். இரண்டு கம்பி முனைகளைத் தண்ணீர் தொட்டால் மின்சுற்று முழுமையாகி மணி ஒலிக்க வேண்டும். மாணவர்களின் தலைவன் தெளிவாக விளக்கினான். பிறகு செம்பால் தண்ணீர் ஊற்றினான். மணி ஒலிக்கவில்லை. இன்னும் ஊற்றினான். ஏரி வழிந்து மேஜை நனைந்தது. அந்தப் பையனின் முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. இரண்டு மாத உழைப்பு!

தவறு எங்கே? இரண்டு மாதமும் அவர்கள் கம்பி முனைகளைக் கையால் ஒன்றோடொன்று தொட வைத்துத்தான் சோதித்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் மணி நன்றாக ஒலித்தது. ஆனால் தண்ணீர் செம்புக் கம்பியைப் போலக் கடத்துவதில்லை. அதன் வழியே போகும் மின்னோட்டம் மிகச் சிறியது. மணியை ஒலிக்க வைக்க அது போதாது. இடையில் பி.சி. 547 போன்ற ஒரு டிரான்சிஸ்டரை வைத்து அந்தச் சிறு ஓட்டத்தைப் பெருக்கியிருக்க வேண்டும். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். தெர்மோகோல் ஏரி நனைந்துவிடுமே என்று கடைசி நாள்வரை அவர்கள் தண்ணீரே ஊற்றவில்லை!

அதே ஐந்து பேர் ஸ்கிரம் முறையில் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு வேலைப் பட்டியல். மணி ஒலிக்க வேண்டும், கருவி மழையில் நனையக்கூடாது, பாட்டரி ஒரு வாரம் தாங்க வேண்டும், ஏரி அழகாக இருக்க வேண்டும்... மனத்தில் தோன்றியதெல்லாம் எழுதலாம். ஆனால் பட்டியலில் எது முதல், எது கடைசி என்பதை ஒரே ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அவருக்கு 'பிராடக்ட் ஓனர்' என்று பெயர். பயன்படுத்தப் போகிறவரின் தேவையை அறிந்தவராக அவர் இருக்க வேண்டும். செம்பாக்கம் ஏரிக்கரையில் குடியிருக்கும் ஓர் அக்காவை இதற்கு அழைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, எட்டு வாரத்தை இரண்டிரண்டு வாரமாக நான்கு 'ஸ்பிரிண்ட்' ஆகப் பிரிக்கிறார்கள். ஸ்பிரிண்ட் என்றால் குறுகிய விரைவோட்டம்; ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். முதல் ஸ்பிரிண்டில் தெர்மோகோல், இரண்டாவதில் வண்ணம், மூன்றாவதில் கம்பி என்று பிரித்தால் அது ஸ்கிரம் அல்ல. பழைய தொடர் ஓட்டமேதான். ஒவ்வொரு ஸ்பிரிண்டின் முடிவிலும் உண்மையாகவே வேலை செய்கிற ஏதோ ஒன்று, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி, கையில் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் இரண்டு வாரத்தில் ஏரியே கிடையாது. ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு கம்பி, ஒரு மணி. தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒலிக்கவில்லை. நல்லது! இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இயற்பியல் ஆசிரியரிடம் ஓடுகிறார்கள், டிரான்சிஸ்டர் வருகிறது.

இரண்டாவது ஸ்பிரிண்டில் மணி ஒலிக்கிறது. வாளியைப் பத்து நாள் அப்படியே வைக்கிறார்கள். பாட்டரியின் நேர்முனையோடு சேர்ந்த செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு படிந்து அரிக்கத் தொடங்குகிறது. மின்னாற்பகுப்பு! வேதியியல் பாடத்தில் படித்தது வாளிக்குள் வந்து நிற்கிறது. பழைய டார்ச் செல்லிலிருந்து எடுத்த கார்பன் தண்டுகளைக் கம்பிக்குப் பதிலாகப் பொருத்துகிறார்கள்.

ஸ்பிரிண்டின் கடைசி நாளில் செய்ததைப் பயனாளியிடம் காட்ட வேண்டும். அக்கா வந்து பார்க்கிறார். "தண்ணி வாசலுக்கு வந்தப்புறம் மணி அடிச்சு என்ன தம்பி பிரயோசனம்? அரிசி மூட்டையைப் பரண்ல ஏத்த ஒரு மணி நேரமாவது வேணாமா?" என்று கேட்கிறார். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மூன்றாவது ஸ்பிரிண்டில் வெவ்வேறு உயரத்தில் இரண்டு ஜோடித் தண்டுகள் வருகின்றன: கீழே தொட்டால் விளக்கு, மேலே தொட்டால் மணி. தெர்மோகோல் வீடுகளுக்கு நான்காவது ஸ்பிரிண்டில் நேரம் இருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

காட்டி முடித்தபின் குழுவினர் மட்டும் தனியாக உட்கார்ந்து இன்னொன்றும் பேச வேண்டும். கருவியைப் பற்றி அல்ல, தங்களைப் பற்றி. சாலிடரிங் இரும்பு ஒருவன் வீட்டிலேயே இருந்ததால் மூன்று நாள் வீணாயிற்றா? யாராவது ஒருவர் மட்டும் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாரா? இத்தகைய தடைகளைக் கவனித்து நீக்குவதற்காகவே குழுவில் ஒருவருக்கு 'ஸ்கிரம் மாஸ்டர்' என்று பெயர். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். அவர் மேஸ்திரி அல்ல, வகுப்புத் தலைவனும் அல்ல. வேலையை யாருக்கும் பங்கு போட்டுத் தர அவருக்கு அதிகாரம் கிடையாது. யார் எதைச் செய்வது என்பதைச் செய்பவர்களே முடிவு செய்கிறார்கள்.

குழுவில் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவாக இருப்பதே நல்லது என்கிறார்கள். ஏன் தெரியுமா? ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச 10 இணைப்புகள். பத்துப் பேர் என்றால் 45. இருபது பேர் என்றால் 190! தலை இரண்டு மடங்கானால் பேச்சு நான்கு மடங்குக்கு மேல் ஆகிறது.

கண்காட்சி மணி ஒலிக்காவிட்டால் ஒரு பையனின் முகம் வாடும், அவ்வளவுதான். பெரியவர்களின் மணிகளும் ஒலிக்காமல் போனதுண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. துப்பறியும் துறை தன் காகிதக் கோப்புகளைக் கணிப்பொறிக்கு மாற்றச் சுமார் 17 கோடி டாலர் செலவழித்துவிட்டு, 2005-இல் அந்த மென்பொருளைப் பயன்படுத்தாமலே கைவிட்டது. 2006-இல் 'சென்டினல்' என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள், அதுவும் தடுமாறியது. 2010-இல் துறையே வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்களைக் குறைத்து, இரண்டிரண்டு வார ஸ்பிரிண்டுகளாகச் செய்தது. 2012 ஜூலையில் அது பயனுக்கு வந்தது.

தண்ணீருக்குள் வளர்ந்த வரைபடம்

2015 டிசம்பரில் நீங்கள் சிறு குழந்தைகளாக இருந்திருப்பீர்கள். டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய பகுதிகளில் மக்கள் மாடிகளில் தவித்தார்கள். எந்தத் தெருவில் போகலாம், எதில் தண்ணீர் நிற்கிறது, யாருக்குச் சோறு வேண்டும், யார் வீட்டில் பத்துப் பேர் தங்கலாம் என்று யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை.

அப்போது சில தன்னார்வலர்கள், யாரும் சொல்லாமலே, இணையத்தில் சில கருவிகளை எழுப்பினார்கள். ஒன்று, எல்லோரும் திறந்து நிரப்பக்கூடிய பட்டியல்: உதவி தேவைப்படுவோர் ஒரு பக்கம், தரக்கூடியவர் மறுபக்கம். இன்னொன்று, 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற பொது வரைபடத்தின் மேல் கட்டப்பட்ட வெள்ள வரைபடம். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவின் கோட்டைத் தொட வேண்டியதுதான். அது நிறம் மாறி, பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான தெருக்கள் அவ்வாறு குறிக்கப்பட்டன.

அந்த நேரத்தில் அவர்கள் யாரும் 'ஸ்கிரம் செய்வோம்' என்று கூடவில்லை. ஆனால் நாம் மேலே பார்த்த உயிர்நாடி அதில் இருந்தது. முழுமையான வரைபடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வேலை செய்யும் சிறிய ஒன்றை உடனே வெளியில் விட்டார்கள். பயன்படுத்திய மக்களே அதை மணிக்கு மணி திருத்தி வளர்த்தார்கள். இரண்டு மாதம் திட்டமிட்டு அழகாகச் செய்திருந்தால் வரைபடம் பிப்ரவரியில் வந்திருக்கும். தண்ணீர் அதற்குள் கடலுக்குப் போயிருக்கும்!

எல்லா வேலைக்கும் ஸ்கிரம் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். பொருந்தாது. ரயில் பாதையின் மேல் மேம்பாலம் கட்டும்போது பாதித் தூணை நட்டுவிட்டு, 'மக்கள் கருத்தைக் கேட்டு மீதியைக் கட்டுவோம்' என்று சொல்ல முடியாது. கான்கிரீட் இறுகிவிட்டால் இறுகியதுதான். மென்பொருள் அப்படியல்ல, நேற்று எழுதியதை இன்று அழித்து எழுதலாம். அதனாலேயே அங்கு இது செழித்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நின்றபடி நடக்கும் அந்தப் பதினைந்து நிமிடக் கூட்டம் பல இடங்களில் வெறும் வருகைப் பதிவேடாகச் சுருங்கிவிட்டது. மேலதிகாரி கேட்பார், ஒவ்வொருவரும் 'முடித்துவிட்டேன் சார்' என்பார்கள். முடியவில்லை என்று அச்சமின்றிச் சொல்ல முடியாத குழு, கண்ணைத் திறப்பது போல் நடித்துக்கொண்டு கண்ணை மூடி நடக்கிறது. அதைவிடப் பழைய முறையே மேல் என்பேன்; அதில் கூட்டமாவது கிடையாது.

வகுப்பில் செய்து பாருங்கள்

20 நாணயங்கள், நான்கு பேர், நொடி காட்டும் கடிகாரம் ஒன்று. நால்வரும் வரிசையாக உட்காருங்கள். முதல்வர் ஒவ்வொரு நாணயமாகத் தலைகீழாகப் புரட்டி அடுத்தவரிடம் தள்ள வேண்டும், அவரும் அப்படியே. ஒரு நாணயத்தைப் புரட்ட ஒரு நொடி என்று கொள்வோம்.

முதல் முறை, 20-ஐயும் புரட்டி முடித்த பிறகே அடுத்தவருக்குத் தள்ளுங்கள். மொத்தம் 80 நொடி ஆகும். கடைசியில் காத்திருப்பவர் கையில் 80-வது நொடிவரை ஒரு காசுகூட வராது. அடுத்த முறை ஐந்தைந்தாகத் தள்ளுங்கள். முதல் ஐந்து 20-வது நொடியில் வந்துவிடும், எல்லாம் 35 நொடியில் முடிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். நான்காவது நொடியில் முதல் காசு. 23-வது நொடியில் எல்லாம்! யாரும் கையை வேகப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கணக்கில் வந்த 23-க்கும் உங்கள் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் வித்தியாசம் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று நால்வரும் பேசிவிட்டு, உட்காரும் முறையையோ தள்ளும் முறையையோ ஒன்று மட்டும் மாற்றி மறுபடி செய்யுங்கள். ஐந்து சுற்று போதும். ஆட்டம் முடிந்ததும் நாணயங்களை எண்ணி உரியவரிடம் திருப்பிக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்.